தம்பி லேப்டாப் வழியா மின்ட் டெஸ்க்டாப்புக்கு நெட் வருது, ஆனா கடைப் பிரிண்டர் கண்ணுல படல

மாடி_டிடிபி
டிசம்பர் 19, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு ராத்திரியா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

எங்க வீடு மன்னார்குடியில. கீழ அப்பாவோட ஜெராக்ஸ் கடை, மேல நாங்க. ரவுட்டர், லேசர் பிரிண்டர், அப்பா பில் போடுற கம்ப்யூட்டர் மூணும் கடையில இருக்கு. என் டெஸ்க்டாப் மாடியில கடைசி ரூம்ல. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கும்பாபிஷேக அழைப்பிதழ்னு டிடிபி வேலை. மெஷின் நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சுது. 11 போடலாம்னா இந்தப் ப்ராசஸர் பட்டியல்லயே இல்ல. நல்லா ஓடுற மெஷினைக் காயலான் கடைக்குப் போட மனசு வரல. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். அழகா ஓடுது, முன்னைவிட வேகம்கூட.

சிக்கல் ஒண்ணுதான். இதுல வைஃபை கார்டு கிடையாது. முன்னாடி ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி சொருகி வச்சிருந்தேன், அதை மின்ட் கண்டுக்கவே மாட்டேங்குது. கீழ இருந்து கேபிள் இழுக்கலாம்னா படிக்கட்டு வெளிப்பக்கம் இருக்கு. ஒன்றரை அடி கனச் சுவர், ஓட்டை போட அப்பா சம்மதிக்கல. வெள்ளையடிச்சு ஆறு மாசம்தான் ஆகுதாம்.

தம்பி இப்ப வீட்ல இருந்து வேலை பார்க்கிறான். அவன்கிட்ட விண்டோஸ் 11 லேப்டாப் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆபீஸ் கொடுத்தது, ஒண்ணு சொந்தம். சொந்த லேப்டாப்பை என் மேசையில வாங்கி வச்சு, அதுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவுல ஒரு லேன் கேபிள் போட்டேன். லேப்டாப் ரவுட்டரோட வைஃபையில இருக்கு.

முதல்ல நெட்வொர்க் கனெக்ஷன்ஸ்ல வைஃபை, ஈதர்நெட் ரெண்டையும் சேர்த்துத் தேர்வு செஞ்சு "பிரிட்ஜ்" கொடுத்தேன். லேப்டாப்புக்கே நெட் போயிடுச்சு. மின்ட் முக்கால் நிமிஷம் சுத்திட்டு இணைக்க முடியலன்னுது. பிரிட்ஜை அழிச்சேன். அடுத்து வைஃபையோட ப்ராப்பர்ட்டீஸ்ல "ஷேரிங்" பக்கத்துல டிக் போட்டு, கீழ ஈதர்நெட்டைக் காட்டினேன். உடனே மின்ட்ல நெட் வந்துடுச்சு!

சந்தோஷம் பத்து நிமிஷம்தான்.

மின்ட்ல பிரிண்டர் தேடினா ஒண்ணுமே வரல. தம்பி லேப்டாப்ல அதே பிரிண்டர் ஜம்முனு தெரியுது. அப்பா கம்ப்யூட்டர்ல இருந்து என் ஃபோல்டரைத் திறக்கலாம்னா என் மெஷின் இருக்கிற மாதிரியே காட்டல. அது போதாதுன்னு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணா என் நெட் செத்துப் போகுது. ஷேரிங் டிக் அப்படியே இருக்கு. அதை எடுத்துட்டுத் திரும்பப் போட்டாத்தான் உயிர் வருது.

ஐபி எல்லாம் இதோ: ரவுட்டர் 192.168.1.1, பிரிண்டர் 192.168.1.50, தம்பி லேப்டாப் வைஃபையில 192.168.1.34, என் டெஸ்க்டாப் 192.168.137.84. என்னோடது மட்டும் ஏன் 137? யார் கொடுத்தா இந்த நம்பரை?

தை முகூர்த்தப் பத்திரிகை பதினோரு பேருக்கு முடிக்கணும். இப்ப ஒவ்வொரு ப்ரூஃபையும் பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கிட்டு இருக்கேன். முட்டி பேசுது.


சும்மா_ஒரு_ஆள்
டிசம்பர் 20, காலை 7:05

ரெண்டு அடாப்டரையும் செலக்ட் பண்ணி பிரிட்ஜ் போடுங்க. எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆயிடும். அப்புறம் நேரா ரெண்டு மெஷினை இணைக்க ஒரு முனையில கம்பி வரிசையை மாத்திப் போட்ட கிராஸ் கேபிள்தான் வேணும், சாதா கேபிள் ஆகாது.


மாடி_டிடிபி
டிசம்பர் 20, காலை 7:30

அதைத்தான் முதல்ல பண்ணேன்னு எழுதியிருக்கேனே அண்ணா. சாதா கேபிள்லதான் நெட்டும் வருது.


கம்பிக்காரன்
டிசம்பர் 20, காலை 10:15

கேபிள் விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். கிகாபிட் போர்ட் வந்தப்புறம் கிராஸ் கேபிளுக்கு வேலை இல்ல. எந்தக் கம்பியில அனுப்பணும், எதுல வாங்கணும்னு போர்ட்டே பார்த்து மாத்திக்கும். நான் கடைசியா கிராஸ் கேபிள் கிரிம்ப் பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு.

அக்கா, நீங்க பண்ணதுல தப்பே இல்ல. பிரிட்ஜ் வேலை செய்யாததுக்குக் காரணம் வைஃபையோட அமைப்பு. ரெண்டு பக்கமும் கேபிளா இருந்தா பிரிட்ஜ் கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யும். ஒரு பக்கம் வைஃபைன்னா கதை வேற.

தபால்காரரை நினைச்சுக்கங்க. ரவுட்டர்தான் தபால்காரர். தம்பி லேப்டாப் அவர்கிட்ட போய், பாஸ்வேர்டு சொல்லி, தன் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் இருக்கிற தனி எண்) தன் பேராப் பதிஞ்சு வச்சிருக்கு. இனிமே அந்தப் பேருக்குத்தான் கடிதம் கொடுப்பார், அந்தப் பேர்ல வர்ற கடிதத்தைத்தான் வாங்குவார். பிரிட்ஜ் போட்டா, லேப்டாப் உங்க டெஸ்க்டாப்போட கடிதத்தை உங்க பேர்லயே கொண்டுபோய் நீட்டுது. தபால்காரர், "இது யாரு? இந்தப் பேர்ல இங்க யாரையும் பதியலையே"ன்னு கீழ போட்டுடுவார். வைஃபை கவர்ல லேப்டாப்ல இருந்து போறப்ப மூணு முகவரிக்குத்தான் இடம்: வாங்குற ரவுட்டர், அனுப்புற லேப்டாப், கடைசியாப் போய்ச் சேர வேண்டிய இடம். "அனுப்புறவருக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருக்கார்"னு எழுத நாலாவது இடம் வேணும். அப்படி ஒரு வகை உண்டு, ஆனா ரெண்டு பக்கமும் அதுக்கு ஒத்துக்கணும். வீட்டு ரவுட்டரும் சாதா லேப்டாப்பும் ஒத்துக்கிறது அபூர்வம். சில கார்டுல விண்டோஸ் ஏதோ தகிடுதத்தம் பண்ணி ஓட்டிடும். அதை நம்பி வேலையை வைக்காதீங்க.

நீங்க ரெண்டாவதாப் போட்ட ஷேரிங் வேற மாதிரி. அது "மே/பா" போட்டு எழுதுற கடிதம். உங்க கடிதத்தை லேப்டாப் வாங்கி, உங்க பேரை அடிச்சிட்டு, தன் பேரைப் போட்டு அனுப்புது. பதில் வந்தா, இது மாடிக்காரங்க கேட்டதுன்னு நினைவு வச்சு உங்ககிட்ட கொடுக்குது. அதனாலதான் நெட் வந்துது. அந்த 137 நம்பரைக் கொடுத்ததும் லேப்டாப்தான். ஷேரிங் போட்டதும் தன் ஈதர்நெட்டுக்கு 192.168.137.1-னு வச்சுக்கிட்டு, உங்களுக்கு அந்த வரிசையில ஒண்ணு வாடகைக்குக் கொடுத்திருக்கு. ரவுட்டருக்கு நீங்க ஒருத்தர் இருக்கிறதே தெரியாது.

இப்ப டெர்மினல்ல பிங் 192.168.1.50-னு அடிச்சு என்ன வருதுன்னு போடுங்க. வர்ற வரியில டிடிஎல்-னு ஒரு எண் இருக்கும், அதையும் போடுங்க.


மாடி_டிடிபி
டிசம்பர் 20, மதியம் 1:20

பதில் வருது! டிடிஎல் 63. அப்ப பிரிண்டரைத் தொட முடியுது, ஆனா தேடினா கிடைக்கலையா?


கம்பிக்காரன்
டிசம்பர் 20, மதியம் 1:45

அதேதான். பிரிண்டர் 64-னு அனுப்பியிருக்கு, நடுவுல ஒரு வாசல் தாண்டினதுல ஒண்ணு குறைஞ்சு 63. அந்த வாசல் தம்பி லேப்டாப்.

பிரிண்டர் தேடுறதுங்கிறது தெருவுல நின்னு "இங்க பிரிண்டர் யாருப்பா?"ன்னு கத்துற மாதிரி. அந்தக் கத்தல் உங்க தெருவோட நிக்கும், வாசல் தாண்டாது. உங்க தெருவுல நீங்களும் லேப்டாப்பும் மட்டும்தான். கத்த வேண்டாம், முகவரி தெரியுமே, நேராப் போங்க.

மின்ட்ல பிரிண்டர்ஸ் திறந்து, சேர், நெட்வொர்க் பிரிண்டர். அதுல ஐபிபி (நெட்வொர்க் வழியா அச்சடிக்கிற முறை) வகையை எடுத்து ஹோஸ்ட்ல 192.168.1.50 போடுங்க. க்யூன்னு கேட்டா சாய்கோடு, ஐபிபி, சாய்கோடு, பிரின்ட். அஞ்சாறு வருஷத்துக்குள்ள வாங்கின பிரிண்டர்னா தனி டிரைவர் இல்லாமலேயே எடுத்துக்கும். இது ஒத்துவரலன்னா ஜெட்டைரெக்ட் வகை, போர்ட் 9100. அப்ப பிரிண்டர் மாடலை நீங்களே பட்டியல்ல தேடிக் காட்டணும்.

முக்கியமா, ரவுட்டர் செட்டிங்ல போய் அந்த 50-ஐ பிரிண்டருக்கே ஒதுக்கி வச்சிடுங்க. இல்லன்னா ஒரு நாள் கரண்ட் போய் வந்தா அது 53 ஆயிடும், நீங்க இன்னொரு பதிவு போடுவீங்க.


பழைய_பிரவுசிங்_சென்டர்
டிசம்பர் 20, மாலை 6:10

சகோதரிக்கு வணக்கம். இந்த ஷேரிங்கைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 1999-இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில்தான் இது முதலில் வந்தது. ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு, ஐந்து கம்ப்யூட்டர் என்று கடை நடத்தியவன் நான். அப்போது அது தனக்கு வைத்துக்கொள்ளும் எண் 192.168.0.1. பின்னால் வந்த பல ரவுட்டர்களும் அதே எண்ணோடு வந்ததால் இரண்டும் முட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். விண்டோஸ் 7-இல் 137-க்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. ஐந்தாவது கம்ப்யூட்டரில் ஒருவர் படம் ஒன்றைத் திறந்தால் மற்ற நால்வரும் எழுந்து சண்டைக்கு வருவார்கள். அது போகட்டும்.

ரீஸ்டார்ட் செய்தால் ஷேரிங் சாவது விண்டோஸ் 10 காலத்திலிருந்து தெரிந்த குறைதான். டிக் இருக்கும், உள்ளே சேவை எழுந்திருக்காது. மருந்து இரண்டு பகுதி.

ஒன்று, லேப்டாப்பில் சர்வீசஸ் திறந்து, இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் என்பதைத் தேடி, தொடங்கும் வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

மற்றொன்று ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ஷேர்டுஆக்சஸ் என்று வரிசையாக இறங்குங்கள். கடைசிக் கிளை இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். அங்கே 32 பிட் டிவேர்டு ஒன்று புதிதாகச் சேர்த்து, எனேபிள், ரீபூட், பெர்சிஸ்ட், கனெக்ஷன் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒரே பெயராக எழுதுங்கள். மதிப்பு 1. ஒரு எழுத்து பிசகினாலும் விண்டோஸ் வாயைத் திறந்து சொல்லாது, சும்மா இருந்துவிடும். எழுதிய பிறகு ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். தொடும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

லேப்டாப் தூங்கினாலும் உங்கள் இணைப்பு போய்விடும். பவர் அமைப்பில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பியின் சொந்த லேப்டாப் என்பதால் சரி. ஆபீஸ் லேப்டாப்பில் இதைச் செய்யவே கூடாது. அவர்கள் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) ஓடும்போது வேறொரு மெஷின் அதன் வழியே போவதை எந்த ஐடி பிரிவும் ஒத்துக்கொள்ளாது. பதில் சொல்ல வேண்டியவர் தம்பியாக இருப்பார்.


மாடி_டிடிபி
டிசம்பர் 21, காலை 6:50

முதல்ல ஒரு கதை. ராத்திரி பத்தே முக்காலுக்கு கம்பிக்காரன் சொன்ன மாதிரி ஐபிபில 192.168.1.50 போட்டேன். மாடலையும் அதுவே கண்டுபிடிச்சுடுச்சு. சந்தோஷத்துல சோதனைப் பக்கம் அடிச்சேன். கீழ ஷட்டர் போட்ட கடைக்குள்ள, விளக்கெல்லாம் அணைஞ்சப்புறம், பிரிண்டர் தானா எழுந்து கரகரன்னு ஓடியிருக்கு. அப்பா டார்ச்சும் கையில கைத்தடியுமா இறங்கிப் போய்ட்டார். நான் மாடியில இருந்து "நான்தாம்ப்பா, நான்தாம்ப்பா"ன்னு கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். திரும்பி வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அந்தச் சோதனைப் பக்கத்தை மட்டும் மேசையில வச்சுட்டு, "கலர் டோனர் என்ன விலை தெரியுமா?"ன்னார்.

ஐயா சொன்ன ரெஜிஸ்ட்ரியும் பண்ணேன். முதல் தடவை ஒரு எழுத்தை விட்டுட்டேன், வேலை செய்யல. ரெண்டாவது தடவை சரி. மூணு முறை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டேன், நெட் தானா வருது.

பாக்கி அப்பா கம்ப்யூட்டர் விஷயம். வாடிக்கையாளர் கடைக்கு வந்து ப்ரூஃப் பார்ப்பாங்க. அப்பா கீழ இருந்தே என் ஃபோல்டரைத் திறந்து காட்டணும். அதுக்கு வழி உண்டா?


கம்பிக்காரன்
டிசம்பர் 21, காலை 9:30

அப்பாகிட்ட என் மன்னிப்பைச் சொல்லிடுங்க.

ஃபோல்டர் விஷயத்துல பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: முதல்ல கதவைத் தட்டுறது யாரு? நீங்க தட்டினா லேப்டாப் நினைவு வச்சுப் பதிலைக் கொண்டுவந்து தரும். அப்பா தட்டினா, அவர் தட்டுறது லேப்டாப் கதவை. உள்ள யாரைக் கூப்பிடுறதுன்னு அதுக்குத் தெரியாது. ஷேரிங் பக்கத்துல செட்டிங்ஸ்னு ஒரு பொத்தான் இருக்கு. இந்த போர்ட்டுக்கு வந்தா உள்ள அனுப்புன்னு அதுல சொல்லலாம்தான். ஆனா ஃபோல்டர் பகிர்வுக்கான 445 போர்ட்டை விண்டோஸ் தனக்கே வச்சிருக்கும், அதுல இடிக்கும்.

அதனால திசையைத் திருப்பிடுங்க. பகிர்ற ஃபோல்டரை அப்பா கம்ப்யூட்டர்ல வைங்க. ப்ரூஃப்னு ஒரு ஃபோல்டர், அதுக்கு ஒரு பயனர் பேர், பாஸ்வேர்டு. மின்ட்ல ஃபைல் மேனேஜர்ல கோப்பு மெனு, சர்வருடன் இணை, வகை விண்டோஸ் ஷேர், சர்வர் முகவரியில அப்பா மெஷினோட ஐபி. பேர் போடாதீங்க, ஐபி போடுங்க. பேர் தேடுறதும் அந்தத் தெருக் கத்தல் கேஸ்தான். ஒருதரம் திறந்ததும் பக்கப்பட்டையில புக்மார்க் பண்ணிடுங்க. ப்ரூஃப் முடிஞ்சதும் அங்க சேமிச்சா அப்பா கண்முன்னால இருக்கும்.

இப்ப உங்க முதல் பதிவைத் திரும்பப் படிச்சேன். அந்த யூஎஸ்பி குச்சி இன்னும் இருக்கா? சொருகினா டெஸ்க்டாப்புல சிடி மாதிரி ஒரு படம் வருதா?


மாடி_டிடிபி
டிசம்பர் 21, இரவு 8:15

எப்படிங்க தெரியும்? ஆமா, சிடி மாதிரி ஒண்ணு வருது. உள்ள விண்டோஸ் செட்டப் ஃபைல் இருக்கு. நான் அதைப் பழுதுன்னு டிராயர்ல போட்டுட்டேன்.


கம்பிக்காரன்
டிசம்பர் 21, இரவு 8:40

பழுதெல்லாம் இல்ல. அந்த வகைக் குச்சி முதல்ல தன்னை ஒரு சிடின்னு சொல்லிக்கும். விண்டோஸ்காரங்க அதுல இருந்து டிரைவரைப் போட்டதும் வேஷத்தைக் கலைச்சுட்டு வைஃபை ஆயிடும். மின்ட்ல யாரும் வேஷத்தைக் கலைக்கல, அவ்வளவுதான். அந்தச் சிடி மேல ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் கொடுங்க, குச்சியைப் பிடுங்காதீங்க. பத்து செகண்ட் பொறுத்து மேல வைஃபை குறி வருதான்னு பாருங்க. உள்ள இருக்கிறது ரியல்டெக் 8821சியூ சிப்னா லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல, 6.2-லயே டிரைவர் வந்தாச்சு. மின்ட் 22-ல இருக்கிறது 6.8.

வேற சிப்பா இருந்து வரலன்னா, புதுசு வாங்குறப்ப பெட்டி மேல இருக்கிற வேகத்தைப் பார்க்காதீங்க, சிப் பேரைக் கேளுங்க. மீடியாடெக் எம்டி7601யு-க்கு கெர்னல் 4.2-ல இருந்தே டிரைவர் உண்டு. வேகம் கம்மி, ஆனா சொருகினதும் ஓடும்.


சும்மா_ஒரு_ஆள்
டிசம்பர் 21, இரவு 9:00

பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்தா அதை வைஃபையில போட்டு யூஎஸ்பி டெதரிங் கொடுத்தாலும் மின்ட்ல நெட் வருமே. இந்தத் தடவை சரியாச் சொன்னேனா?


கம்பிக்காரன்
டிசம்பர் 21, இரவு 9:10

வரும். ஆனா அதுவும் "மே/பா" கடிதம்தான், அப்பா கீழ இருந்து உங்க ஃபோல்டரைத் திறக்க முடியாது. புதுசா லினக்ஸ் போட்டுட்டு டிரைவர் இறக்குற வரைக்கும் அதைவிடச் சுலபமான வழி இல்ல.


மாடி_டிடிபி
டிசம்பர் 23, இரவு 10:30

எஜெக்ட் கொடுத்தேன், வைஃபை வந்துடுச்சு. இப்ப என் ஐபி 192.168.1.41. பிரிண்டர் தேடாமலேயே வந்து நிக்குது. மின்ட்ல ஃபோல்டர் பகிர்வைப் போட்டேன், அப்பா கீழ இருந்து ஐபி அடிச்சதும் என் ஃபோல்டர் திறக்குது. நாலு நாளா இதெல்லாம் என் டிராயர்ல கிடந்திருக்கு.

ஆனா முழுசா மாறல. அந்தச் சுவர் தாண்டி குச்சிக்கு ஒரு கட்டைதான் சிக்னல். பெரிய ஃபோட்டோ இருக்கிற பத்திரிகையைக் கீழ அனுப்பினா ஆமை வேகம். தம்பி லேப்டாப்போட ஆண்டெனா நல்லா இழுக்குது. அதனால அவன் இருக்கிற வரைக்கும் கேபிளும் இருக்கட்டும்னு விட்டிருக்கேன். கேபிளைச் சொருகினா மின்ட் நெட்டுக்குத் தானா அந்தப் பக்கம் போயிடுது. வேகம் வேணும்னா அந்த நேரத்துக்குக் குச்சியைக் கழட்டிட்டு ஐபி போட்டுச் சேர்த்த பிரிண்டருக்கும் கீழ உள்ள ப்ரூஃப் ஃபோல்டருக்கும் லேப்டாப் வழியாவே போறேன்.

பொங்கல் முடிஞ்சு அவன் சென்னை கிளம்புறான். குச்சிக்கு ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி ஜன்னல் ஓரமா கட்டித் தொங்கவிடலாம்னு இருக்கேன். மூணு மீட்டர் போதுமா கம்பிக்காரன், இல்ல அதுக்கும் ஏதாவது கணக்கு இருக்கா?


கம்பிக்காரன்
டிசம்பர் 24, காலை 8:00

மூணு மீட்டர் தாராளம். அஞ்சுக்கு மேல போனா சாதா யூஎஸ்பி கேபிள் தகராறு பண்ணும். ஜன்னலுக்கு உள்பக்கமே கட்டுங்க. வெளிய தொங்கவிட்டா மழைத் தண்ணி இறங்கும், இடி மின்னலுக்கும் நல்லதில்ல.